சிபிசிஐடிக்குச் சட்டத்தில் உள்ள அதிகாரம் எவ்வளவு? தண்டையார்பேட்டைக் கேள்வி ஒன்றுக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. தண்டையார்பேட்டையில் உள்ள குடும்ப வீட்டுக்கு யாரோ போலிப் பத்திரம் போட்டு விற்றுவிட்டார்கள். எஃப்ஐஆர் போட்டு மாதங்கள் ஆகியும் லோக்கல் ஸ்டேஷனில் வழக்கு நகரவில்லை. அதை சிபிசிஐடிக்கு மாற்ற முடியுமா? மாற்றினால் அவர்களுக்கு இன்ஸ்பெக்டரைவிடக் கூடுதலாக என்ன அதிகாரம் இருக்கிறது? விசாரணை என்று 67 வயது அப்பாவை எழும்பூர் சிபிசிஐடி அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டுமா? இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்ற இரண்டும் எளிது.

சிபிஐக்கு 1946-ஆம் ஆண்டின் டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம் இருக்கிறது. என்ஐஏவுக்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சிபிசிஐடிக்கு இப்படித் தனிச் சட்டம் கிடையாது. மாகாணம்தோறும் குற்றப் புலனாய்வுத் துறை வேண்டும் என்று 1902-03-இல் ஃப்ரேசர் ஆணையம் சொன்ன வழியில் வந்த அமைப்பு இது. இன்றுவரை மாநிலக் காவல்துறையின் ஒரு பிரிவுதான். அதன் அதிகாரம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. பிஎன்எஸ்எஸ் என்பது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்; கீழே சட்டத்தின் பெயர் இல்லாமல் வரும் பிரிவு எண்கள் அதனுடையவை. அதன் 2-ஆம் பிரிவின்படி மாநில அரசு எந்த இடத்தையும் 'காவல் நிலையம்' என்று அறிவிக்கலாம். சிபிசிஐடி அலுவலகம் அப்படி அறிவிக்கப்பட்டால் அங்குள்ள இன்ஸ்பெக்டர் சட்டத்தின் கண்ணில் ஒரு நிலையப் பொறுப்பு அதிகாரி. அடுத்தது 30-ஆம் பிரிவு. நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு மேற்பட்ட பதவியில் உள்ளவர்கள், தாங்கள் நியமிக்கப்பட்ட எல்லை முழுக்க அதே அதிகாரத்தைச் செலுத்தலாம் என்கிறது அது. சிபிசிஐடி டிஎஸ்பியும் எஸ்பியும் அதன்படிதான் செயல்படுகிறார்கள்.

ஆகவே கைது, சோதனை, பறிமுதல், கஸ்டடி எதுவானாலும் தண்டையார்பேட்டை இன்ஸ்பெக்டருக்கு உள்ள அதிகாரம்தான் சிபிசிஐடிக்கும். அவருக்கு உள்ள கடிவாளமும் அப்படியே பொருந்தும். "சிபிசிஐடி வந்தால் வாரண்ட் வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம்" என்று வடசென்னையில் பலர் நம்புகிறார்கள். அந்த பயத்தை வைத்துக் காசு பிடுங்குபவர்களும் உண்டு. உண்மையில் கூடுதலாகக் கிடைப்பது வேறு விஷயங்கள்: மாநிலம் முழுக்க நீளும் எல்லை, பந்தோபஸ்து, ரோந்து, பெட்டி கேஸ் என்று இழுபடாத ஆட்கள், உள்ளூர் அழுத்தத்திலிருந்து கொஞ்சம் விலகிய மேற்பார்வை. உங்கள் வழக்கில் பத்திரம் ராயபுரத்தில் பதிவாகி, சாட்சிக் கையெழுத்து போட்டவர் திருநெல்வேலியில் இருந்து, பணம் கோவை வங்கிக் கணக்கு வழியாகப் போயிருந்தால் இந்த எல்லை பெரிய உதவி. எல்லோரும் நாலு தெருவுக்குள்ளேயே இருந்தால் அதனால் பெரிய லாபம் இல்லை.

பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சிசிபி என்பது சென்னை மாநகரக் காவல் ஆணையருக்குக் கீழ் வரும் மத்தியக் குற்றப்பிரிவு. சிபிசிஐடி டிஜிபியின் கீழ் வருவது. பணமோ நிலமோ பெரிய அளவில் மோசடி போனால் சென்னைக்குள் முதலில் போக வேண்டிய இடம் பெரும்பாலும் வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் உள்ள சிசிபிதான். உங்கள் விவகாரத்துக்கும் அதுதான் முதல் படி என்பது என் கருத்து. நிதி நிறுவன மோசடிக்குப் பொருளாதாரக் குற்றப்பிரிவு, அரசு ஊழியர் லஞ்சத்துக்கு லஞ்ச ஒழிப்புத் துறை, சிலைக் கடத்தலுக்குத் தனிப் பிரிவு என்று வேறு கதவுகளும் உண்டு. தவறான கதவில் மனு கொடுத்தால், அது சுற்றிச் சுற்றி நீங்கள் கிளம்பிய ஸ்டேஷனுக்கே வந்து சேரும். 2022 ஜனவரியில் சென்னை ஆணையரகம் மூன்றாகப் பிரிந்ததும் கவனத்தில் இருக்கட்டும். திருவொற்றியூர் சென்னை ஆணையரகத்தில் இருக்கிறது, எண்ணூரும் மணலியும் ஆவடி ஆணையரகத்துக்குப் போய்விட்டன. குற்றத்தின் ஒரு பாதி தண்டையார்பேட்டையிலும் மறுபாதி மணலியிலும் நடந்திருந்தால் இரண்டு ஆணையர்களின் எல்லை குறுக்கிடுகிறது. சிபிசிஐடி கேட்பதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

வழக்கு சிபிசிஐடிக்குப் போகும் வழிகள் பெரும்பாலும் மூன்று: டிஜிபி உத்தரவு, அரசாணை, உயர் நீதிமன்ற உத்தரவு. கொலை என்பதாலோ தலைப்புச் செய்தி என்பதாலோ தானாகப் போய்விடாது. 2024 ஜூலையில் பெரம்பூரில் நடந்த ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கைப் புலன் விசாரித்துக் குற்றப்பத்திரிகை போட்டது சென்னை மாநகரக் காவல்துறைதான். காவல் நிலையத்தின் மீதே குற்றச்சாட்டு எழும்போது நிலைமை வேறு. கொடுங்கையூர் ஸ்டேஷனுக்கு விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டவர் 2022 ஜூனில் இறந்தபோது வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. போலீஸ் என்கவுன்ட்டர் சாவுகளை சிஐடியோ வேறு ஸ்டேஷனைச் சேர்ந்த குழுவோ ஒரு மூத்த அதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும் என்று 2014-இல் மனித உரிமை அமைப்பான பியுசிஎல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024-இல் மாதவரத்திலும் வியாசர்பாடியிலும் நடந்த சம்பவங்களுக்குப் பிறகு இந்தத் தீர்ப்பை வடசென்னைக் குடும்பங்கள் தெரிந்துவைத்திருப்பது அவசியம். கஸ்டடி சாவில் சிபிசிஐடி விசாரணை ஒருபக்கம் நடக்க, பிஎன்எஸ்எஸ் 196-ஆம் பிரிவின்படி நடுவரின் (மாஜிஸ்திரேட்) தனி விசாரணையும் நடந்தாக வேண்டும். ஒன்று நடக்கிறது என்பதற்காக இன்னொன்றை விட முடியாது.

மாற்றம் நடந்தால் காகிதத்தில் என்ன நிகழும்? சிபிசிஐடி அதே எஃப்ஐஆரைத் தன் குற்ற எண்ணில் மறுபதிவு செய்யும். சிடி ஃபைல் எனப்படும் வழக்கு நாட்குறிப்பும் ஆவணங்களும் கைமாறும். அது புதிய வழக்கு ஆகாது. ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது எஃப்ஐஆர் கூடாது என்று 2001-இல் டி.டி. ஆன்டனி வழக்கிலேயே முடிவாகிவிட்டது. இதனால் புகார்தாரருக்கு இரண்டு சிக்கல் வரும், இரண்டையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

முதல் சிக்கல் வாக்குமூலம். லோக்கல் ஸ்டேஷனில் பதிவான 180-ஆம் பிரிவு வாக்குமூலம் ஃபைலில் அப்படியே இருக்கும். சிபிசிஐடி திரும்ப விசாரிக்கும்போது தேதி, தொகை, யார் முன்னால் கையெழுத்து என்ற விவரங்கள் மாறினால், நீதிமன்ற விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார். உண்மை பேசுபவர்களே இதில் தடுமாறுகிறார்கள். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், வரி ரசீது எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, அதைப் பார்த்தபடி சொல்லுங்கள். அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது, அது சட்டம். கேட்டால் மரியாதையாக மறுத்துவிடலாம்.

இரண்டாவது சிக்கல் கடிகாரம். குற்றவாளி என்று சொல்லப்படுபவர் ரிமாண்டில் இருந்தால், குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் அவருக்குக் கட்டாய ஜாமீன் கிடைக்கும். மதிப்புமிக்க ஆவணத்தைப் போலியாக்கும் குற்றத்துக்கு, அதாவது புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 338, பழைய ஐபிசி 467, ஆயுள் வரை தண்டனை உண்டு என்பதால் 90 நாள். விசாரணை அமைப்பு மாறினால் இந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடாது. 70-ஆம் நாளில் வழக்கை மாற்றச் சொல்லி வெற்றி பெற்று, 91-ஆம் நாளில் எதிரியை வெளியே பார்க்க நேரிடும். எதிரி உள்ளே இருக்கும்போது மாற்றம் கேட்பதை வக்கீலோடு பேசி முடிவெடுங்கள். இன்னொன்று: 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு ஐபிசி பிரிவுகள்தான் பொருந்தும். எஃப்ஐஆர் அதற்குப் பிறகு போடப்பட்டால் நடைமுறை மட்டும் பிஎன்எஸ்எஸ்படி. எஃப்ஐஆரில் இது மாறிப் போயிருந்தால் உடனே சுட்டிக்காட்டுங்கள்.

இப்போது அப்பா விஷயம். நோட்டீஸ் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதில் எழுதியுள்ள பிரிவு எண். எந்த அலுவலகம், யார் கையெழுத்து என்பதெல்லாம் பிறகு. 179 என்று இருந்தால் அவர் சாட்சி. 60 வயதுக்கு மேற்பட்ட ஆண், 15 வயதுக்குட்பட்ட சிறுவன், எந்த வயதுப் பெண், மாற்றுத்திறனாளி, கடும் நோயுற்றவர் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்ல முடியாது. பழைய நடைமுறைச் சட்டத்தில் இந்த வயது 65. உங்கள் அப்பாவுக்கு 67 என்பதால் இரண்டிலும் பாதுகாப்பு உண்டு. வயதைச் சொல்லி, ஆதார் நகலை இணைத்து, "வீட்டில் விசாரிக்க ஒத்துழைக்கத் தயார்" என்று பதிவுத் தபாலில் எழுதி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். போகாமல் சும்மா இருந்துவிடாதீர்கள். அதை ஒத்துழையாமை என்று எழுதிவிடுவார்கள். அவராக விரும்பிப் போவதானால் தடையில்லை.

35(3) என்று இருந்தால் கதை வேறு. அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு அனுப்பும் ஆஜர் நோட்டீஸ், அதற்கு வயது விலக்கு இல்லை, போக வேண்டும். ஆஜராகித் தொடர்ந்து ஒத்துழைத்தால் கைது செய்யக் கூடாது. செய்வதானால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது இயந்திரம்போல நடக்கக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொன்னது சிபிசிஐடியையும் கட்டுப்படுத்தும். 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்தில் 60 வயதைத் தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டிஎஸ்பி அனுமதி வேண்டும். 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தெளிவாக்கியிருக்கிறது. 94 என்று இருந்தால் ஆவணத்தையோ கருவியையோ ஒப்படைக்கச் சொல்கிறார்கள். மூலப் பத்திரம் கொடுப்பதானால், கொடுக்குமுன் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து, எத்தனை பக்கம் என்று குறிப்பிட்ட ரசீது வாங்குங்கள்.

வீட்டுச் சோதனைக்கு வருவோம். அவசரம் இருந்தால் 185-ஆம் பிரிவில் வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாம். ஆனால் நம்புவதற்கான காரணத்தை, எதைத் தேடுகிறார்கள் என்பதை, முன்பே எழுத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போக வேண்டும். 105-ஆம் பிரிவின்படி சோதனை, பறிமுதல் முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். கைப்பற்றிய பொருள் பட்டியல், சாட்சிகள் கையெழுத்து போடுவது உட்பட. பாதியில் கேமராவை அணைத்தால் நேரத்தைக் குறித்துவையுங்கள். செல்போனை எடுத்தால் மகஜரில் (கைப்பற்றியதை எழுதும் குறிப்பு) மாடல், ஐஎம்இஐ எண், சிம் எண், எடுத்த நேரம், சீல் வைத்த விவரம் ஐந்தும் இருக்க வேண்டும். இங்கேதான் பல வழக்குகள் கோட்டை விடுகின்றன. சீல் இல்லாமல் அதிகாரியின் மேசை டிராயரில் கிடந்த போனிலிருந்து எடுத்த வாட்ஸ்அப் பதிவு நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். புதிய சாட்சியச் சட்டமான பிஎஸ்ஏ 63(4)-இன்படி, பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்போடு கூடிய சான்றிதழும் வேண்டும். புகார்தாரராக நீங்களே போனைக் கொடுத்தாலும் இதையெல்லாம் கேட்டு வாங்குங்கள், உங்கள் ஆதாரத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

வங்கிக் கணக்கை 106-ஆம் பிரிவில் முடக்கலாம். உடனடியாக நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். குற்றத்தில் வந்த சொத்தை 107-இல் இணைக்க எஸ்பி அல்லது ஆணையரின் ஒப்புதலோடு நீதிமன்றம் போக வேண்டும், நேரடியாக முடியாது. முடக்கிய பணத்தையோ பிடித்த வண்டியையோ திரும்பப் பெற 497, 503 பிரிவுகளில் மனுப் போடலாம். பாஸ்போர்ட்டைக் கைப்பற்றலாம், ஆனால் முடக்கி வைத்துக்கொள்ளும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே. இது 2008 சுரேஷ் நந்தா தீர்ப்பு.

கைது நடந்தால் என்னென்ன வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிகாரி பெயர்ப்பட்டை, சாட்சி கையெழுத்திட்ட கைதுக் குறிப்பாணை, குடும்பத்துக்குத் தகவல், புரியும் மொழியில் கைதுக் காரணம், மருத்துவப் பரிசோதனை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன். காரணத்தைச் சரியாகத் தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் சொல்லப்பட்டது. சூரியன் மறைந்தபின் உதிக்கும் முன் பெண்ணைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழலில் மட்டும், பெண் அதிகாரி மூலம், நடுவரின் முன் அனுமதியோடுதான் முடியும். போலீஸ் கஸ்டடி மொத்தம் 15 நாள்தான். புதிய சட்டத்தில் அதை முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகவும் கேட்கலாம். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க 38-ஆம் பிரிவு உரிமை தருகிறது, முழு நேரமும் உட்கார வைத்துக்கொள்ள முடியாது.

சிபிசிஐடி எஸ்பியிடமே கொடுத்தாலும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. அதன் வழியாகப் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படும். நார்கோ, பாலிகிராஃப் சோதனை சம்மதமின்றிக் கூடாது என்பது 2010 செல்வி தீர்ப்பு. போனை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் மட்டத்து உத்தரவு தேவை. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இல்லாமல், குற்றத்தைக் கண்டுபிடிக்க மட்டும் ஒட்டுக்கேட்பது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. "குண்டாஸ் போட்டுவிடுவோம்" என்று மிரட்டினால், 1982-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் தடுப்புக்காவல் உத்தரவு போடுவது சென்னையில் காவல் ஆணையர், மாவட்டங்களில் கலெக்டர். சிபிசிஐடி இன்ஸ்பெக்டர் போட முடியாது.

உங்கள் வழக்கு ஏன் நகரவில்லை என்பதற்கு வருகிறேன். போலிப் பத்திர வழக்குகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சிக்கும்: நிபுணர் கருத்து. சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து மூலக் கைரேகைப் பதிவும் கையெழுத்தும் வர வேண்டும். ஒப்பிட, அதே காலகட்டத்தில் உண்மையான உரிமையாளர் போட்ட கையெழுத்துகள் வேண்டும், வங்கிப் படிவம், ஓய்வூதியப் பதிவு போல. சந்தேக நபரின் மாதிரி கையெழுத்தையும் ரேகையையும் எடுக்க 349-ஆம் பிரிவில் நடுவர் உத்தரவு பெறலாம், கைதாகாதவரிடமிருந்தும். இதில் ஒன்று குறைந்தாலும் தடய அறிவியல் துறை ஃபைலைத் திருப்பி அனுப்பும். சிபிசிஐடிக்கு மாற்றினாலும் இதே கட்டத்தில்தான் நிற்கும். உண்மையான உரிமையாளரின் பழைய கையெழுத்து ஆவணங்களை நீங்களே தேடிக் கொடுத்தால் மாதக்கணக்கில் மிச்சமாகும்.

அதன்பிறகு எழுத்தில் ஒரு தடம் போடுங்கள். எஃப்ஐஆர் போட்ட 90 நாளுக்குள் விசாரணை முன்னேற்றத்தைப் புகார்தாரருக்குத் தெரிவிப்பது 193-ஆம் பிரிவின்படி அதிகாரியின் கடமை. அதைக் குறிப்பிட்டு இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம், பதில் இல்லை என்றால் துணை ஆணையருக்கு, பிறகு ஆணையருக்கும் டிஜிபிக்கும். எல்லாம் பதிவுத் தபாலில். எஃப்ஐஆர் இல்லாமல், புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு நிற்கும் வழக்கென்றால் 173(4)-இன்படி மேலதிகாரிக்கு எழுதிவிட்டு, பிரமாணப் பத்திரத்தோடு நடுவரிடம் மனு. இந்தப் படிகளைத் தாண்டி நேராக உயர் நீதிமன்றம் போனால், 2008 சகிரி வாசு தீர்ப்பைக் காட்டி நடுவரிடம் போகச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். நடுவர் மேல்விசாரணைக்கு, அதாவது இருப்பதைத் தொடர்ந்து விசாரிக்க உத்தரவிடலாம், முதலிலிருந்து தொடங்கும் மறுவிசாரணைக்கு முடியாது. அமைப்பை மாற்றும் உத்தரவைப் பெறுவதற்கு பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தில் 528-ஆம் பிரிவில் கிரிமினல் ஓபி எனப்படும் குற்றவியல் மனு, அல்லது அரசியலமைப்பின் 226-இல் ரிட். "விசாரணை மெதுவாகப் போகிறது" என்று மட்டும் எழுதிய மனு தோற்கும். எந்த ஆவணத்தை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், அதன்பின் எந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை, குற்றம்சாட்டப்பட்டவருக்கும் அதிகாரிக்கும் உள்ள தொடர்புக்கு என்ன ஆதாரம், எத்தனை மாவட்டம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று ஒரு அட்டவணையாகப் போட்டால் நீதிபதி படிப்பார்.

சிபிஐ வேண்டும் என்று சிலர் தூண்டுவார்கள். 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு சிபிஐக்கான பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றுவிட்டது. இனி வழக்குக்கு வழக்கு அரசு ஒப்புதலோ உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற உத்தரவோ வேண்டும். ஒரு வீட்டுப் பத்திரத்துக்கு அந்த வழியில் காலத்தைச் செலவிடாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், இலவச எண் 15100. அதிகாரிகள் அடித்தாலோ சட்டவிரோதமாக அடைத்துவைத்தாலோ மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். ஸ்டேஷன் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லி அன்றே எழுதிக் கொடுங்கள். 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும் தாமதித்தால் கிடைப்பது கடினம். வீடியோ காலில் யாராவது சிபிசிஐடி என்று சொல்லி "டிஜிட்டல் அரெஸ்ட்" என்றால் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள், குறிப்பாக அப்பாவிடம்.